கவிச்சி படாத ரத்தம்

அத்தியாயம் 14

போன வாரம் வேதாசலத்தை உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில், உச்சி வெயிலில் நிறுத்திவிட்டுப் போய்விட்டோம். அதனால்தான் மனிதர் முகம் இப்படிச் சிவந்து கிடக்கிறது என்று நினைக்க வேண்டாம். அவர் முகமே அப்படித்தான்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வேதாசலத்தின் மனைவி ராணியம்மாளுக்குக் கர்ப்பப்பையில் கட்டி. உதிரம் நிற்காமல் போகிறது. ஜில்லா ஆஸ்பத்திரியில் சேர்த்து ஒரு மாதம் ஆகிறது. காய்ச்சல், பலவீனம் என்று தள்ளித் தள்ளிப் போட்ட ஆபரேஷனை நாளைக் காலையில் வைத்திருக்கிறார்கள். கையில் இரண்டு பாட்டில் ரத்தம் இல்லாமல் கத்தியைத் தொடமாட்டேன் என்கிறார் டாக்டர். ஒரு பாட்டில் ஆஸ்பத்திரியில் இருக்கிறது. இன்னொன்றை வீட்டார் கொடுத்தாக வேண்டும்.

வேதாசலத்துக்குச் சர்க்கரை வியாதி. அவர் ரத்தம் உதவாது. ஒரே மகள் பிள்ளைத்தாய்ச்சி. பாகம் பிரியாத குடும்பத்தில் தம்பி தாமோதரன் ஒருவன் இருக்கிறான். ஆறடி ஆள். ரத்தமும் சேர்கிறது என்று டாக்டரே சொல்லிவிட்டார். ஆனால் ஊசியைக் கண்டால் அவனுக்குத் தலை சுற்றுகிறதாம். "அவருக்கு ஒண்ணு ஆச்சின்னா என் கதி இன்னா?" என்கிறாள் அவன் மனைவி சுலோச்சனா. ஆஸ்பத்திரி வாசலில் காசுக்கு ரத்தம் கொடுக்கிற ஆட்கள் உண்டு. "ஊர் பேர் தெரியாதவன் ரத்தமா என் பொண்டாட்டி ஒடம்புல?" என்று வேதாசலம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

கடைசியில் தன் நிலத்தில் வேலை செய்யும் அருள்தாஸைப் பேசி முடித்தார். கூலியாகக் களத்துமேட்டு ஓரம் பத்து சென்ட் மனை. ஐப்பசியில் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால் அருள்தாஸின் குடிசைக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். மேட்டில் மனை என்றதும் அவன் மறு பேச்சுப் பேசவில்லை.

நிபந்தனை ஒன்று இருந்தது. ஊசி போடுகிற நாள் வரைக்கும் அவன் கவிச்சி தொடக் கூடாது. மீன் கூடாது, கருவாடு கூடாது, முட்டை கூடாது. இன்னொன்றை வேதாசலம் வாயால் சொல்லவில்லை. முகத்தைச் சுளித்துக் காட்டினார், அருள்தாஸ் புரிந்துகொண்டான்.

சைவக் குடும்பம் அல்லவா! ரத்தம் சேரியிலிருந்து வரலாம். அதோடு கருவாடு வந்துவிடக் கூடாது.

* * *

பஸ் வந்தது. வேதாசலமும் தாமோதரனும் முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். சுலோச்சனா பெண்கள் பக்கம். அருள்தாஸும் அவன் மனைவி மேரியும் கடைசியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

வழியெல்லாம் வேதாசலத்துக்குப் பொறுக்கவில்லை. டிரைவர் மெதுவாக ஓட்டுகிறான். கண்டக்டர் ஒரு கிழவியோடு சில்லறைக்குச் சண்டை போடுகிறான். ஆடுகள் ரோட்டின் குறுக்கே நின்றுகொண்டு யோசிக்கின்றன. உலகமே கூடிப் பேசி அவரைத் தாமதப்படுத்துவதுபோல இருந்தது.

திரும்பிப் பார்த்து இரைந்து கேட்டார். "இன்னாடா, நேத்தும் ஒண்ணும் தொடலியே?"

"இல்ல ஆண்டே. கேவுரு கூழுதான் குடிச்சேன்."

"நான் குடுத்தனுப்புன நெய்யி?"

"சாப்ட்டேன் ஆண்டே. வவுறுதான் தாங்கல."

பஸ்ஸில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். மேரிக்குச் சுருக்கென்றது.

"நேத்து நடவு வயல்ல நண்டு புடிச்சாந்து கொயம்பு வெச்சேன் ஆண்டே. புள்ளைங்க துன்னுதுங்க, நான் துன்னேன். இவரு வாசனை தாங்காம தெருவுல போயி குந்தினு இருந்தாரு. ஒரு மாசமா எங்க வூட்ல இதே கூத்துதான்."

"அதான் ஆம்பளை!" என்றார் வேதாசலம். அன்றைக்கு அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

* * *

ரத்தம் எடுக்கிற அறையில் ஒரு கண்ணாடி டம்ளரில் மயில்துத்தம் கரைத்த நீலத் தண்ணீர் இருந்தது. விரலில் குத்தி ஒரு சொட்டை அதில் விடுவார்கள். சொட்டு மூழ்கினால் ரத்தத்தில் சத்து இருக்கிறது, பாட்டிலைக் கொண்டு வரலாம். மிதந்தால் வீட்டுக்குப் போகலாம். போன மாதம் அருள்தாஸின் சொட்டு மூழ்கியிருந்தது.

நர்ஸம்மா அவன் விரலைத் துடைத்துக் குத்தினாள். சொட்டு விழுந்தது. கொஞ்சம் இறங்கியது. நடுவில் நின்றது. பிறகு மெல்ல மேலே வந்துவிட்டது.

நர்ஸம்மா உதட்டைப் பிதுக்கிவிட்டு இன்னொரு சொட்டு விட்டாள். அதுவும் மேலே வந்தது.

விதைநெல்லை உப்புத் தண்ணீரில் கொட்டி, மிதப்பதை அள்ளி மாட்டுக்குப் போடுகிறவன் அருள்தாஸ். அவனுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"பதருங்களா நர்ஸம்மா?" என்றான்.

டாக்டர் வந்தார். சின்ன வயசுக்காரர், காலையிலிருந்து நின்றுகொண்டே இருக்கிற எரிச்சல் அவருக்கும் இருந்தது. அருள்தாஸின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார்.

"போன மாசமே எல்லைக்கோட்டில்தான் இருந்தே. இப்போ அதுவும் இல்லை. என்ன சாப்பிடறே நீ?"

"கேவுரு கூழு. ஆண்டே வூட்லேர்ந்து மோரு, நெய்யி."

"மீன், கறி?"

அருள்தாஸ் தரையைப் பார்த்தான்.

"துன்னக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க டாக்டரய்யா" என்றாள் மேரி. "அம்மா ஒடம்புக்குப் போற ரத்தமாம். சுத்தமா இருக்கணுமாம்."

டாக்டர் வேதாசலத்தைப் பார்த்தார். வேதாசலம் சுவரைப் பார்த்தார்.

"ஐயா, இவன் உடம்பில் ரத்தம் என்று ஏதோ ஊறிக்கொண்டிருந்தது என்றால் அது அந்த நண்டாலும் கருவாட்டாலும்தான். அதை நிறுத்திவிட்டு நாள் முழுக்கச் சேற்றில் வேலையும் வாங்கியிருக்கிறீர்கள். இப்போது நான் இவனிடம் ரத்தம் எடுத்தால் இவனுக்கு ஒரு கட்டில் போட வேண்டியிருக்கும்."

"நெய் குடுத்தேனே டாக்டர்! சொந்த மாட்டு நெய்!"

"நெய்யால் கொழுப்புத்தான் ஏறும்."

வேதாசலத்துக்குக் காது மடல் வரைக்கும் ரத்தம் ஏறியது. சர்க்கரை ரத்தம், ஏறி என்ன பிரயோசனம்?

அவர் சட்டென்று டாக்டரை நெருங்கினார். குரல் தணிந்துவிட்டது.

"இப்பவே மிலிட்டரி ஓட்டலுக்கு இட்டுக்கினு போறேன். ஈரலு, தலைக்கறி, இன்னா வேணுமோ நானே கூட இருந்து வாங்கித் தரேன். நாளைக் காலைக்குள்ள ஊறிடாதா?"

வாழ்நாளில் முட்டை ஓட்டைக் கூடத் தொடாதவர் இப்படிக் கேட்டார் என்று ஊரில் சொன்னால் ஒருவரும் நம்பமாட்டார்கள். மனிதர் பொல்லாதவர்தான், ஆனால் மனைவி பிழைக்க வேண்டும் என்ற தவிப்பு மட்டும் பொய்யில்லை.

"ஒரு வேளைச் சாப்பாட்டில் ஊறாது. மாசக்கணக்காகும்" என்றார் டாக்டர். "வாசலில் காசுக்குக் கொடுக்கிறவர்கள் எல்லாரிடமும் இந்த மாதம் எடுத்தாகிவிட்டது. இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் எனக்கு ஒரு ஆள் வேண்டும். உங்கள் தம்பி இருக்கிறார் அல்லவா? அவரைக் கூப்பிடுங்கள்."

* * *

வராந்தாவில் சுலோச்சனா மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"தாமோதரன் எங்கே?"

"சோடா குடிச்சிட்டு வரேன்னு போனாரு மாமா. இன்னா ஆச்சி?"

வேதாசலம் சொன்னார். சுலோச்சனா புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டாள். சுற்றி முடித்ததும் நிமிர்ந்தாள்.

"சரி மாமா. அவரே குடுக்கட்டும். அக்கா பொழைக்கணும், எனக்கும் ஆசைதான். ஆனா கிணத்து மேட்டு ரெண்டு ஏக்கரா எங்க பங்குல வரணும்."

வேதாசலம் பெஞ்சைக் கையால் அறைந்தார்.

"கூடப் பொறந்தவனோட பொண்டாட்டியா பேசறே? உங்கக்கா உசுருக்கு வெலை போடறியா?"

"நானா போட்டேன்?" சுலோச்சனாவும் குரலை உயர்த்தினாள். "பத்து சென்ட்டுன்னு வெலை போட்டது நீங்க. பண்ணையில வேலை செய்யறவன் ரத்தத்துக்கு மனை உண்டு. கூடப் பொறந்தவன் ரத்தம் மட்டும் ஓசியா? அவரு ஒடம்பு அவ்ளோ மட்டமா பூடுச்சா?"

பதில் இல்லாத கேள்விக்குக் கோபப்படுவது வேதாசலத்தின் வழக்கம். இன்றைக்கு அதற்கும் நேரமில்லை. ராணி உள்ளே வெளுத்துக் கிடக்கிறாள். அவளுக்கு முன்னால் இரண்டு ஏக்கரா என்ன பெரிது? ஆனால் சொந்தத் தம்பி இப்படிக் கழுத்தில் துண்டைப் போட்டு முறுக்குகிறானே என்று நினைத்தபோது நெஞ்சு எரிந்தது.

"எடுத்துக்கோ!" என்றார். "கிணத்து மேட்டை எடுத்துக்கோ. மோட்டாரு ரூமையும் எடுத்துக்கோ. மொதல்ல அவனை இட்டுக்கினு வா."

சுலோச்சனா ஓடினாள். சோடாக் கடைக்காரன் பாட்டில்களைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"ஒசரமா ஒருத்தரா? சில்க் ஜிப்பா? உத்திரமேரூர் பஸ்ஸுல ஏறிட்டாரேம்மா. ஓடிப் போயி ஏறுனாரு."

"என்னை உட்டுட்டா?" என்றாள் சுலோச்சனா.

கடைக்காரன் என்ன சொல்வான், பாவம்? இரண்டு ஏக்கராவுக்கு விற்று முடித்த சரக்கு காலை ஊன்றி எழுந்து வீட்டுக்குப் போய்விட்டது. அவள் அங்கேயே கல்லில் உட்கார்ந்து அழுதாள். அவமானத்தில் பாதி, பயத்தில் பாதி.

* * *

அருள்தாஸ் வராந்தாத் தூணோரம் நின்றிருந்தான். வேதாசலம் சோடாக் கடை வரைக்கும் போய் விசாரித்துவிட்டுத் திரும்பி வந்ததும் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு அருகே வந்தான்.

"ஆண்டே, அந்த மனை..."

"ரத்தமே குடுக்கல, மனை இன்னாடா மனை?"

"நீங்க சொன்னத ஒண்ணு உடாம செஞ்சேனே ஆண்டே."

"செஞ்சி இன்னா பிரயோசனம்? மெதந்துடுச்சி இல்ல?"

ஒரு மாதம் தெருவில் உட்கார்ந்து சொந்த வீட்டு அடுப்பு வாசனையை மூக்கில் வாங்கிக்கொண்டிருந்தவனுக்கு இதுதான் கூலி. எனக்கே அந்த இடத்தில் வேதாசலத்தின் துண்டைப் பிடித்து இழுக்க வேண்டும்போல இருக்கிறது. அருள்தாஸ் இழுக்கவில்லை. அவன் பரம்பரையில் யாரும் அப்படி இழுத்ததில்லை.

மேரி அங்கே இல்லை. அவள் ரத்தம் எடுக்கிற அறையில் நர்ஸம்மாவிடம் விரலை நீட்டிக்கொண்டிருந்தாள்.

"பொம்பளைங்க குடுக்கலாமா கூடாதா?"

"குடுக்கலாம்" என்றாள் நர்ஸம்மா. "முழுகாம இருக்கியா? கைக்குழந்தை உண்டா?"

"ரெண்டும் இல்ல. கடைசிப் புள்ள மாடு மேய்க்கப் போவுது."

சொட்டு விழுந்தது. நேராக அடிக்குப் போய் நின்றது. டாக்டர் வந்து எடை பார்த்தார், கண்ணைப் பார்த்தார், கண்ணாடித் தகட்டில் எதையோ கலந்து பார்த்தார்.

"இவள் ரத்தம் எல்லாருக்கும் சேரும். தாராளமாக எடுக்கலாம்" என்றவர் மேரியிடம் திரும்பினார். "உனக்குச் சம்மதம்தானே? யாரும் கட்டாயப்படுத்தவில்லையே?"

"என்னை யாரு கேட்டாங்க, கட்டாயப்படுத்த? நான் போயி ஆண்டேகிட்ட பேசிட்டு வரேன் டாக்டரய்யா."

வராந்தாவுக்கு வந்தாள். தலைப்பை இடுப்பில் செருகியிருந்தாள்.

"ஆண்டே, என் ரத்தம் சேருதாம். நான் குடுக்கறேன். அதே மனை. என் பேர்ல எய்திக் குடுங்க. ஊசிக்கு முன்னால."

"ஊசிக்கு முன்னாலயா? என் வாக்கு மேல நம்பிக்கை இல்லியா?"

"வாக்கு மேல வூடு கட்ட முடியாது ஆண்டே."

அருள்தாஸ் பதறினான். "மேரி, வாய மூடு!"

வேதாசலம் கோபத்தை விழுங்கினார். இந்த ஒரு நாளில் அவர் விழுங்கியது கொஞ்சமல்ல. கடைசியில் தொண்டையில் சிக்கிக்கொண்டிருந்ததைக் கேட்டார்.

"நீ... இந்த மாசமெல்லாம் இன்னா சாப்ட்டே?"

ஒரு பொய் போதும். 'நானும் அவரோட சேர்ந்து விரதந்தான் ஆண்டே' என்று சொல்லிவிட்டால் காரியம் முடிந்தது. பஸ்ஸில் நண்டைப் பற்றிச் சொன்னதை மட்டும் மழுப்பிவிட்டால் வேதாசலமும் நம்பத் தயாராகத்தான் இருந்தார். அவர் கண்ணே அதைக் கெஞ்சியது.

மேரி அவரை நேராகப் பார்த்தாள்.

"நண்டு, நத்தை, கருவாடு. அவரு பங்கையும் சேத்து நானும் புள்ளைங்களுந்தான் துன்னோம். ஞாயித்துக்கெயமை மாட்டுக்கறி. அதான் ஆண்டே முழுவுது."

* * *

வேதாசலம் ராணியம்மாளின் கட்டிலுக்கு வந்தார். அவள் மறுத்துவிடுவாள் என்று அவருக்கு நிச்சயம். வெள்ளிக்கிழமை தவறாத கோவில்காரி. அவள் வேண்டாம் என்றுவிட்டால் பழி தன் மேல் வராது. பிறகு என்ன செய்வது என்று மட்டும் அவர் யோசிக்கவில்லை.

ராணியம்மாளின் முகத்தில் மஞ்சள் பூசினாலும் ஒட்டாத வெளுப்பு. அவர் நடந்ததை எல்லாம் சொல்லி முடிக்கிறவரை கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"அருள்தாஸு ஒரு மாசமா கவிச்சி துன்னலியா?"

"உனக்காகத்தான் சொன்னேன்."

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேக்கறதுக்கு இன்னா இருக்குது? உன் ஒடம்பு..."

"அதான். என் ஒடம்பு." அவள் கண்ணைத் திறந்தாள். "தெனம் பொயுது விடிஞ்சா எவ்ளோ போச்சின்னு நான்தான் துணியப் பாத்துக்கினு கீறேன். எனக்குச் சாவப் பயமா கீதுங்க. மேரி இன்னா துன்னான்னு எனக்குத் தெரிய வேணாம். அவளை வரச் சொல்லுங்க."

வேதாசலம் திரும்பி நடக்கப் போனார்.

"அதுக்கு முன்னால மனையை எய்திக் குடுங்க" என்றாள் ராணியம்மாள். "அருள்தாஸோட அப்பன் பெருமாளுக்கும் இதே மனையத்தான் சொன்னீங்க. நம்ம கல்யாணத்து அன்னிக்கி. அந்தாளு அந்த வெள்ளத்துலயே கெடந்து செத்தாரு. நான் ஒடம்பு தேறி வூட்டுக்கு வந்த பொறவு நீங்க எய்துவீங்கன்னு எனக்கே நம்பிக்கை இல்ல."

"ராணி, கத்தாதே."

"கத்த எனக்கு ஏது தெம்பு? எய்திக் குடுங்க."

வேதாசலம் துண்டால் முகத்தைத் துடைத்தார். மறுபடி துடைத்தார்.

"அது... பாகம் பிரிக்காத சொத்துடி. நான் மட்டும் எய்த முடியாது. தாமோதரன் கையெயுத்து வேணும்."

"தாமோதரன் எங்க?"

"ஊருக்குப் பூட்டான்."

வார்டில் யாரோ இருமினார்கள். ராணியம்மாள் கணவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பது வருஷம் குடித்தனம் நடத்திய முகத்தைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"அப்போ ஒரு மாசத்துக்கு முன்னால, உங்க கையில இல்லாததைக் காட்டித்தான் அந்த ஆளப் பட்டினி போட்டீங்களா?"

வாசல் பக்கம் சத்தம் கேட்டு இருவரும் திரும்பினார்கள். மேரி நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் அருள்தாஸ்.

"எனக்குத் தெரியும்மா" என்றாள் மேரி. "அவரு தனியா எய்த முடியாதுன்னு ஊருக்கே தெரியும். இவருக்குத்தான் புரியல."

அருள்தாஸ் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். "தெரிஞ்சிக்கினே ஒரு மாசமா என்னைக் கூழு குடிக்க உட்டியா?"

"சொன்னேனே. நீ நம்பினது ஆண்டே பேச்சைத்தானே?"

அவன் அப்படியே சுவரோடு சாய்ந்துகொண்டான்.

"மேரி" என்றாள் ராணியம்மாள். குரல் பாதியில் நின்று, மறுபடி வந்தது. "சாயங்காலத்துக்குள்ள ரத்தம் வேணுமாம்மா."

மேரி அந்த அம்மாளின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் கையை நீட்டிவிடுவோம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ரவிக்கைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு, கட்டிலின் கால்மாட்டில், வெறும் தரையில் உட்கார்ந்தாள்.

"சின்ன ஆண்டேவைக் கையெயுத்துப் போட இட்டுக்கினு வாங்க ஆண்டே. நான் இங்கியேதான் குந்தினு இருப்பேன். என் ரத்தம் பஸ் ஏறி எங்கியும் ஓடிப் போவாது."